மேடைக்காக எழுதிய கண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

பத்து வாரங்களாகக் கூ சாங்-மோவின் குரலைச் செப்பனிட்டவள் அவன் மனைவி இன்-சில்தான். மீன் ஏலக்கூடத்தில் கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்த அக்குரலைத் தாழ்த்தவும், உரிய இடத்தில் நிறுத்தவும், நிறுத்திய இடத்தில் பதறாமல் நிற்கவும் அவளே கற்பித்தாள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சம்சொன்போ நகர மக்கள் தம் மன்ற உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுக்கவிருந்தனர். துறைமுகத் தொகுதியில் போட்டியிட்டோர் இருவர். வாக்குச்சீட்டில் முதல் எண் சாங்-மோ. இரண்டாம் எண் படகுக்காரர் தாக் மான்-சூ.

இருவரும் ஒரே மேடையில் பேசவேண்டிய நாள் அன்றுதான் விடிந்தது.

இன்-சில்லுக்கு அன்று முப்பத்து நான்காம் பிறந்தநாளும் ஆகும். பிறந்தநாளென்றால் கடற்பாசி சூப் வைக்கவேண்டும். ஆனால் தேர்வுக்கோ தேர்தலுக்கோ கிளம்புகிறவன் வீட்டில் அதை அடுப்பிலேற்ற எவளும் துணியமாட்டாள். பாசி வழுக்கும், அதைக் குடித்தவனும் வழுக்குவான். ஆகவே அவள் முளைகட்டிய சோயா சூப் வைத்தாள். பிறந்தநாளைப் பற்றித் தானும் பேசவில்லை. பிறர் எவரும் பேசவில்லை.

கணவனிடம் ஒரு பச்சை முட்டையை நீட்டினாள்.

"தொண்டைக்கு. ஒரே மடக்கா முழுங்குங்க."

"இத்தனை வருஷம் நெத்திலி ஏலம் போட்டேனே, அப்பல்லாம் ஒரு முட்டை கிடைச்சுதா?"

"ஏலத்துல உங்களை யாரும் நம்பவேண்டியதில்ல. மீனைப் பாத்தாப் போதும். இன்னிக்கு உங்களைத்தான் பாப்பாங்க."

சாங்-மோ முட்டையை விழுங்கி முகத்தைச் சுளித்தான்.

"முதல் வரி?" என்றாள் இன்-சில், பள்ளிப் பிள்ளையைக் கேட்பதுபோல.

"நான் பேச்சாளன் இல்ல, மீன் வித்தவன்."

"அப்புறம்?"

"மூணு எண்ணுற வரைக்கும் சும்மா நிக்கணும். அப்புறம் பனிக்கட்டித் தொழிற்சாலை, கழிவுநீர், படகுத்துறை விளக்கு."

"தன் குறையைத் தானே முதல்ல சொல்றவன் அப்புறம் சொல்ற நிறையை ஜனங்க நம்புவாங்க. மறந்துடாதீங்க."

"மறக்கல, தோங்-ஹா அம்மா." மகன் பெயரைச் சேர்த்து அவளை அழைப்பதே அவன் வழக்கம். ஆனால் அன்று அவன் பார்வை அவள்மேல் நில்லாமல் சுவர்க்கடிகாரத்துக்குப் போயிற்று. மேடைக் கலக்கம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

அச்சமயம் அவள் தந்தையார் பியோ குவாங்-சூ வந்தார். துறைமுகத்தெருவில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு முஷ்டியை உயர்த்தி முழங்கக் கற்றுக்கொடுத்த பேச்சுப் பயிற்சிக்கூடம் அவருடையது. இன்-சில் அங்கே ஆசிரியை. உடை மாற்ற அவள் உள்ளே சென்றதும் முன்னறையில் குரல்கள் தாழ்ந்தன. இளஞ்சிவப்பு ஹான்போக் உடையை உடுத்திக்கொண்டு அவள் வெளியே வந்ததும் அவை அறவே நின்றன.

"இது வேணாம்மா," என்றார் குவாங்-சூ. "அந்தச் சாம்பல் கலரைக் கட்டிக்கோ."

"ஏம்ப்பா, நான் கூட்டத்துக்குப் போறேனா, துக்கத்துக்குப் போறேனா?"

"முதல் வரிசையில உக்காரப் போற. மேடையில நிக்கறவன் யாருன்னு தெரியணும்னா ஜனங்க அவனைப் பாக்கமாட்டாங்க. அவன் பொண்டாட்டி முகத்தைப் பாப்பாங்க. அவ நம்புறான்னு தெரிஞ்சா இவங்களும் நம்புவாங்க. உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். சொல்லைவிடச் சொல்லுகிறவனே பெரிது என்பதை அவள் பால்பல் விழுமுன்னே கேட்டு வளர்ந்தவள். மறுபேச்சின்றிச் சாம்பல் நிறத்தை உடுத்தினாள்.

அவ்வுடையை அவள் ஆண்டுக்கொருமுறைதான் எடுப்பாள். தம்பி இன்-தேயின் நினைவுநாளன்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மேற்குக்கடலுக்குப் போன வலைப்படகு ஒன்று கவிழ்ந்தது. எட்டுப் பேர் போய் மூவர் திரும்பினர். திரும்பாத ஐவருள் இருபத்திரண்டு வயது இன்-தேயும் ஒருவன். தண்ணீரில் குதித்து அவன் கையைப் பற்றி, அலை அறுத்துக்கொண்டு போகும்வரை விடாதிருந்தவர் அன்று அப்படகில் துணைத்தலைவராயிருந்த தாக் மான்-சூ. வலைக்கயிறு அறுத்து அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. துக்க வீட்டில் தந்தையின் முன் மண்டியிட்டு, "என்னால பிடிச்சு வைக்க முடியல," என்று அவர் ஒருமுறை சொன்னார். அதன்பின் அதைப்பற்றி எவரிடமும் வாய் திறந்ததில்லை.

சாங்-மோவும் அப்படகில் சில மாதம் வேலை பார்த்தவன்தான். ஆனால் அந்தப் பயணத்தின்போது அவன் பூசான் நகரில் இருந்தான். மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான்.

*

பள்ளி மைதானத்தில் பங்குனிக் காற்று மணலை வாரி இறைத்தது. செய்தித்தாளை விரித்து அதன்மேல் அமர்ந்திருந்த கூட்டம் எண்ணூறுக்குக் குறையாது. ஒரு பாதி முதல் எண்ணுக்கு. மறு பாதி இரண்டாம் எண்ணுக்கு. நடுவே ஒரு பாதை.

இன்-சில்லுக்கு இடம்விட்டு நகர்ந்தாள் யொக்ஜிக்காரி. யொக்ஜித் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளாதலால் அப்பெயர். இயற்பெயர் அவளுக்கே மறந்திருக்கக்கூடும். மீனைத் தட்டையாக்கி வெயிலில் உலர்த்தும் தொழில். கவிழ்ந்த படகிலிருந்து திரும்பிய மூவருள் அவள் கணவனும் ஒருவன். சென்ற ஆண்டு காலமானான்.

"என்னடி இது, வேட்பாளர் பொண்டாட்டி சாம்பல் பூசிக்கிட்டு வந்திருக்க? இப்பவே தோத்துட்டாரா உன் வீட்டுக்காரர்?"

"அப்பா சொன்னாரு, அக்கா."

"உங்கப்பா சொன்னா சரிதான். எங்க வீட்டுப் பொண்ணை அவர்கிட்ட அனுப்பினேன், மேடையில பேசக் கத்துக்கட்டும்னு. மேடையில ஒண்ணும் பேசல. வீட்டுல என்னை எதுத்துப் பேசறா. கட்டின காசு வீண் போகல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். சீட்டுக் குலுக்கியதில் முதலில் பேசும் முறை சாங்-மோவுக்கு வந்திருந்தது. வெள்ளைக் கையுறையும் தோளில் குறுக்குப் பட்டையுமாக அவன் மேடையேறினான்.

"நான் பேச்சாளன் இல்ல. மீன் வித்தவன்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்-சில் மனத்துள் எண்ணினாள். அவன் சரியாக நின்றான். கூட்டத்தின் சலசலப்பு அடங்கியது. அவளுக்குப் பெருமை பொங்கியது. பனிக்கட்டித் தொழிற்சாலை வந்தது; கழிவுநீர் வந்தது. இனிப் படகுத்துறை விளக்கு.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி," என்றான் சாங்-மோ.

இன்-சில் நிமிர்ந்தாள். அவள் எழுதிய உரையில் அப்படியொரு வரி இல்லை.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, மேற்குக்கடல்ல ஒரு விடியற்காலை. என் மச்சினன் பியோ இன்-தே தண்ணிக்குள்ள கிடந்தான். இருபத்திரண்டு வயசு. நான் குதிச்சேன். அவன் கையைப் பிடிச்சேன். இந்தக் கையால."

அவன் வெள்ளைக் கையுறையைக் கழற்றினான். கையை உயர்த்திக் காட்டினான். ஐந்து விரலும் இருந்தன.

"மாமான்னு ஒருதடவை கூப்பிட்டான். அலை வந்துது. கை நழுவிப்போச்சு."

இப்பொழுது அவன் நிறுத்தினான். அவள் கற்பித்த நிறுத்தம்தான். குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு முகத்தைப் பார்த்து நிற்கும் நிறுத்தம். அவன் பார்த்தது அவள் முகத்தை.

எண்ணூறு தலைகளும் அவன் பார்வையைத் தொடர்ந்து அவள் பக்கம் திரும்பின.

தண்ணீருக்குள் கிடந்தான் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவள் கண்ணில் நீர் கோத்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகத் தம்பியின் பெயரை எவரும் உரக்கச் சொல்லக் கேட்டிராதவள் அவள். பொய் என்று மூளை அறிவதற்குள் கண்கள் அழுதுவிட்டன. துடைக்கவும் கை எழவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள். பிறகு பத்துப் பேர். பிறகு மைதானம் முழுவதும்.

"அன்னிக்கு விட்ட கையை இனிமே விடமாட்டேன்!" என்று முழங்கினான் சாங்-மோ. "துறைமுகத்துல ஒரு வீட்டுல கூட இன்னொரு இன்-தே சாகக்கூடாதுன்னு இந்தக் கூ சாங்-மோ உங்க முன்னாடி நிக்கறான்!"

கைதட்டல் பள்ளிச் சுவரில் மோதித் திரும்பியது. எதிர்ப்பகுதியிலும் சிலர் தட்டினர். பக்கத்தில் யொக்ஜிக்காரி மட்டும் கையை மடியில் வைத்தவண்ணம் மேடையையே பார்த்திருந்தாள்.

*

தன் ஆள் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவது அங்கே கூட்டத்துக்கு வருவோரின் வழக்கம். எதிராளி காலி மைதானத்துக்குப் பேசவேண்டும். அதுவே அவனுக்குக் கொடுக்கும் முதல் அடி. முதல் எண்ணின் ஆட்கள் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தனர். போகிறபோக்கில் பெண்கள் இன்-சில்லின் தோளைத் தொட்டு, "பாவம், இவ்வளவு நாள் வெளியில சொல்லாமலே இருந்திருக்கார் பாரு," என்று தேற்றினர்.

சாங்-மோ மேடையிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த தாள்களை அவளிடம் திணித்தான்.

"இதைப் பிடி. கேட்டுல நின்னு கை குலுக்கணும். நீயும் சீக்கிரம் வா."

அவன் முகம் ஜொலித்தது. அவள் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை.

இன்-சில் தாள்களைப் பார்த்தாள். தந்தையின் கையெழுத்து. மேல்நோக்கிய அம்பு குரலை உயர்த்தவேண்டிய இடம். சாய்ந்த கோடு மூச்சு விடவேண்டிய இடம். சிவப்புப் பென்சிலால் அவர் இடும் அக்குறிகளைப் பார்த்துத்தான் அவள் எழுத்தே கற்றாள்.

நான்காம் தாளின் ஓரத்தில், "கை நழுவிப்போச்சு" என்னும் வரிக்கு நேரே, அதே சிவப்பில் எழுதியிருந்தது:

'இங்கே இன்-சில்லைப் பார். அவள் அழுவாள். கூட்டம் அவளைப் பார்க்கும்வரை காத்திரு. அவசரப்படாதே.'

அவள் அதை இருமுறை படித்தாள். காற்றில் தாள் படபடத்தது.

குவாங்-சூ பள்ளிச் செர்ரி மரத்தடியில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் நேரே அவரிடம் போனாள்.

"இது என்னப்பா?"

அவர் தாளைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீ அழுதிருக்கமாட்ட."

"அதுக்காக?"

"நடிச்ச அழுகையை ஜனங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்கம்மா. இது நிஜ அழுகை. அதனாலதான் எடுபட்டுது."

"நிஜ அழுகையை வெச்சுப் பொய்யை வித்திருக்கீங்க."

"எது பொய்? என் பிள்ளை செத்தது பொய்யா? ஒருத்தன் குதிச்சது பொய்யா? கையைப் பிடிச்சது, நழுவினது பொய்யா? நடந்ததெல்லாம் நடந்ததுதான். ஆளை மட்டும் மாத்திப் போட்டேன்."

"அந்த ஆள் அதோ மேடைக்குப் பின்னாடி நிக்கறாரு. ரெண்டு விரல் இல்லாம நிக்கறாரு. அவருக்கு எதிராவே அவர் செஞ்சதைத் திருப்பி விட்டுட்டீங்களே, உங்களுக்கு வாய் கூசலையா?"

"திரும்பி வந்த மூணு பேர்ல ஒருத்தன் செத்துட்டான், ஒருத்தன் ஊர்லயே இல்ல. மான்-சூ பேசமாட்டான். ஒன்பது வருஷமாப் பேசாதவன் இன்னிக்கா பேசப் போறான்? பேசினாலும், செத்தவனோட சொந்த அக்கா கண்ணீருக்கு முன்னாடி அவன் பேச்சு நிக்குமா?" என்றவர், புகையை ஊதிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்-சில், ஒன்பது வருஷமா என் பிள்ளை பேரை நான் ஒருத்தன்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், ராத்திரியில, சுவத்தைப் பாத்து. இன்னிக்கு எண்ணூறு பேர் அவனுக்காக அழுதாங்க. எனக்கு அது போதும்."

அவர் கண்ணில் நீர் நிறைந்தது. அவளுக்கு ஒருகணம் இரக்கம் தோன்றியது. அந்த இரக்கத்தையும் அவர் கணக்கிட்டே வைத்திருப்பாரோ என்ற ஐயம் அடுத்த கணமே தோன்றியது. தந்தையின் கண்ணீரைப் பார்த்து அது எத்தகையது என்று அறியமுடியாத நிலை வந்துவிட்டதே என்பதுதான் அவளை எல்லாவற்றினும் மேலாக வருத்தியது.

"அவங்க இன்-தேக்காக அழலப்பா. ஓட்டுக்காக அழுதாங்க. அந்த ஓட்டுக்கு என் முகத்தை முத்திரை குத்திக் கொடுத்துட்டீங்க."

தாள்களை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மேடையில் தாக் மான்-சூ ஏறியிருந்தார். அவருக்கு எதிரே பாதி மைதானம் வெறும் மண். வாயிலில் முதல் எண்ணின் கூட்டம் முண்டியடித்து வெளியேறிக்கொண்டிருந்தது. சாங்-மோ இரு கையாலும் எல்லார் கையையும் குலுக்கி, "தோங்-ஹா அம்மா, இங்க!" என்று அழைத்தான்.

அவள் வாயிலை நோக்கி நடந்தாள். மூன்று அடிதான். நின்றாள். பின்பு காலியான மண்ணின் குறுக்கே நடந்து, தான் முன்பு அமர்ந்திருந்த முதல் வரிசைக்கே போய், கீழே கிடந்த செய்தித்தாளின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மேடையில் பேசத் தொடங்கிய மான்-சூ அவளைக் கண்டு நிறுத்தினார். அது கற்ற நிறுத்தமன்று. வழி தெரியாமல் நின்ற நிறுத்தம். கையிலிருந்த தாளைப் புரட்டினார். அதுவோ தலைகீழாயிருந்தது. மீண்டும் புரட்டினார்.

"நான்... செத்தவங்களைப் பத்திப் பேச இங்க வரல," என்றார். "பனிக்கட்டி விலையைப் பத்திச் சொல்றேன்."

அவ்வளவுதான். பனிக்கட்டி விலையைப் பற்றியே சொன்னார். சத்தம் போதவில்லை, வாக்கியங்கள் முடியுமுன் தேய்ந்தன. அவள் பயிற்சிக்கூடத்தில் எட்டு வயதுப் பிள்ளை இப்படிப் பேசினால் மறுபடி சொல்லச் செய்வாள். ஆயினும் அவள் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள்.

வாயிலில் அசைவு நின்றது. "அது வேட்பாளர் பொண்டாட்டிதானே? எதுக்கு அங்க உக்காந்திருக்கா?" என்ற முணுமுணுப்பு சுவரோரமாகப் பரவிற்று. வெளியே போனவர்களுள் சிலர் திரும்பி எட்டிப் பார்த்தனர். பார்த்தவர்களுள் இருவர் உள்ளே வந்தனர். பிறகு ஒரு கிழவர்.

சாங்-மோ விரைந்து வந்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரலில் இல்லை.

"எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? மாமா சொன்னார், ஜெயிச்சா கரையில இன்-தே பேர்ல விளக்குக் கம்பம் வைக்கலாம்னு. உன் தம்பிக்காகத்தானே..."

"அவன் பேரை வாயால சொல்லாதீங்க."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம். இப்ப எழுந்திரு, ஊரே சிரிக்கும்."

"பத்து வாரமா உங்களுக்கு மூச்சு விடக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். அந்த மூச்சை வெச்சு என்ன பேசப் போறீங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே உங்களுக்கு. என் பக்கத்துல படுத்துத்தானே எழுந்தீங்க?"

அவன் அவள் முழங்கையைப் பற்றித் தூக்க முயன்றான். அப்பொழுது குறுக்கே ஒரு கை வந்தது. உப்பும் வெயிலும் வெடிக்கச்செய்த கை. யொக்ஜிக்காரி எழுந்து போகாமல் அங்கேயே இருந்தாள்.

"விடுப்பா அவளை. கேக்கணும்னு ஆசைப்பட்டா கேக்கட்டுமே," என்றவள், இன்-சில்லின் பக்கம் சாய்ந்தாள். "நான் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்டி. என் வீட்டுக்காரர் சாகறப்போ சத்தியம் வாங்கினாரு, உன் குடும்பம் கெட்டுடக்கூடாதுன்னு. ஆனா இன்னிக்கு இவர் கையை உசத்திக் காட்டினாரே, அதுக்கப்புறம் என்னால முடியாது."

"என்னக்கா?"

"அந்தப் பயணத்துக்கு உன் தம்பி போகவேண்டிய ஆளே இல்ல. ஆள் பட்டியல்ல இருந்தது வேற பேரு. யாருக்குப் பதிலா அவன் ஏறினான்னு உன்கிட்ட யாராவது சொல்லியிருக்காங்களா?"

காற்று மணலைத் தூக்கிப் போட்டது. மேடையில் மான்-சூ, ஒரு பெட்டிப் பனிக்கட்டிக்கு எத்தனை வொன் ஆகிறது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாங்-மோவின் பிடி தளர்ந்தது. முகத்தில் நின்றிருந்த சிரிப்பு சிறுகச் சிறுகக் கழன்றது.

இன்-சில் மெல்லத் தலையை உயர்த்தினாள்.

"சொல்லுங்க," என்றாள். "இப்ப உங்க முன்னாடி ஒலிபெருக்கி இல்ல. கூட்டத்துக்குச் சொல்லவேண்டாம். நான் ஒருத்திதான் கேக்கறேன். அன்னிக்கு எதுக்குப் பூசானுக்குப் போனீங்க?"

சாங்-மோ, மேடையில் உயர்த்திக் காட்டிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.